பங்கும் பாடும்: நீர்கொழும்புக் கரையில் மீனவரும் கத்தோலிக்கப் பங்குகளும் கடல் மாசுக்கு எதிராக உரிமை கோரிய வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' என்னும் சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கியதை அடுத்து, கொழும்புப் பேராயரும் சூழலியல் அமைப்பினரும் மீனவரும் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தொடுத்தனர். 2025 ஜூலையில் தீர்ப்பு வெளிவந்தது. ஒரு திருச்சபைத் தலைவரும் மீனவரும் ஒரே வழக்கில் மனுதாரராக நின்றதை, சூழலியல் விழிப்புணர்வின் அண்மைக்கால விளைவாக மட்டும் காண்பது போதாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. நீர்கொழும்புக் கரையில் கத்தோலிக்கப் பங்கு நெடுங்காலமாக மீன்பிடி உரிமையைத் தாங்கும் அலகாக இயங்கியது. அவ்வலகே எண்ணெய், அமிலம், நெகிழி ஆகியவற்றுக்கு எதிரான கோரிக்கையின் அலகாகவும் மாறிற்று.

திறவுச்சொற்கள்: நீர்கொழும்பு, கத்தோலிக்கப் பங்கு, கட்டுதெல், எண்ணெய்க் கசிவு, எக்ஸ்-பிரஸ் பேர்ல், அடிப்படை உரிமை மனு

1. முன்னுரை

2025 ஜூலை 24 அன்று இலங்கையின் உச்ச நீதிமன்றம் (இலங்கைத் தமிழ் வழக்கில் இதுவே 'உயர் நீதிமன்றம்' எனப்படும்) 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' வழக்கில் தீர்ப்பு வழங்கியது. கப்பலின் உரிமைத் தரப்பும் இயக்குநர் தரப்பும் 100 கோடி அமெரிக்க டாலரை இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்றும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியே இதற்கு அடிப்படை என்றும் அது கூறிற்று. கடமை தவறிய அரசுத் தரப்பினர் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினர் என்றும் கண்டது. மனுதாரர் வரிசையில் சூழல் நீதி மையம் என்னும் அமைப்பும், மீனவரும், கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் இருந்தனர்.

இத்தீர்ப்பைச் சட்டத்துறையினர் சூழல் சட்டத்தின் மைல்கல்லாகவே பேசினர். வரலாற்று மாணவருக்கு எழும் கேள்வி வேறு. பேராயர் ஒருவர் கடல் மாசு வழக்கில் ஏன் மனுதாரர் ஆனார்? 2015இல் வெளிவந்த திருத்தந்தை பிரான்சிசின் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலைக் காட்டி எளிதில் விடை கூறிவிடலாம். அம்மடலின் தாக்கத்தை மறுப்பதற்கில்லை. எனினும், உலகின் ஏனைய கரைகளில் வாசிக்கப்பட்ட அதே மடல் இக்கரையில் ஏன் மனுவாக வடிவெடுத்தது என்பதை அவ்விடை விளக்கவில்லை. விளக்கத்தைக் கரையிலேயே தேட வேண்டியுள்ளது.

2. பங்கு என்னும் சொல்லும் கரையின் மொழியும்

தமிழ்க் கத்தோலிக்கர் ஒரு குருவின் மேய்ப்புப் பணிக்கு உட்பட்ட ஊர்த்தொகுதியைப் 'பங்கு' என்பர். படகில் சென்றோர் பிடித்த மீனைப் பகிர்கையில் ஆளுக்குரியதையும், வலைக்குரியதையும், படகுக்குரியதையும் 'பங்கு' என்றே கூறுவர். 'பாடு' என்பதும் இத்தகையதே. மீன் கிடைத்த அளவு 'மீன்பாடு'. இலங்கையில் கரைவலை இழுக்க உரிமை பெற்ற கரைத்துண்டு 'பாடு'. தவக்காலத்தில் வாசிக்கப்படுவது இயேசுவின் 'திருப்பாடுகள்'. இவற்றைச் சொல்விளையாட்டாகக் கொண்டு வாதம் கட்டுவது ஆய்வுநெறி அன்று. ஆயினும் தொழிலும் சமயமும் ஒரே சொற்களைப் பகிர்ந்துகொண்ட கரையொன்றில், அவை ஒரே நிறுவனத்தையும் பகிர்ந்துகொண்டதா என்று வினவ இச்சொற்கள் தூண்டுகின்றன.

நீர்கொழும்பு இன்று பெரும்பாலும் சிங்களம் பேசும் நகரம். ஆனால் அதன் மீனவரிடையே வழங்கும் தமிழை ஸ்டீவன் போண்டா என்னும் மொழியியலாளர் 'நீர்கொழும்பு மீனவர் தமிழ்' எனத் தனிக் கிளைமொழியாகவே விவரித்தார். சிங்களத் தொடர்பால் இலக்கண மாற்றம் அடைந்த தமிழ் அது. காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களிலிருந்து வந்த வீரர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர் என்று 'முக்கரு ஹடன' என்னும் ஓலைச்சுவடி மரபு கூறுகிறது. அதனை நேரடி வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் தயக்கம் தேவை. இக்கரையோர் தம்மை எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பதற்கான சான்றாகக் கொள்ளலாம்.

சமயத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. போர்த்துக்கீசர் காலத்தில் பரவிய கத்தோலிக்கம் ஒல்லாந்தர் ஆட்சியில் தடைக்கு உள்ளாயிற்று. 1687இல் கோவாவிலிருந்து மறைவாக வந்த யோசப் வாஸ் அடிகளும், அவர் வழிவந்த யாக்கோமே கொன்சால்வெசும் குருக்கள் இல்லாத ஊர்களில் சமயத்தைக் காத்தவர்கள். கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியவர்; அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்கால வாசிப்பாக நிலைத்தது. குரு ஆண்டுக்குச் சில நாட்களே வரக்கூடிய சூழலில், ஊரின் சமய வாழ்வை நடத்தியவர்கள் 'மூப்பு', 'அண்ணாவி' எனப்பட்ட பொதுநிலையினர். இது கவனத்துக்குரியது. கோயிலை நடத்தும் பொறுப்பு ஊராரிடமே, அதாவது மீனவரிடமே, தலைமுறைகளாக இருந்தது. பின்னாளில் குருக்கள் நிலையாகத் தங்கியபோது, அவர்கள் ஏற்கெனவே உருவாகியிருந்த ஓர் ஊர் அமைப்பின் தலைமையில் வந்தமர்ந்தனர் எனலாம். பிடித்த மீனில் ஒரு பகுதியைக் கோயிலுக்குச் செலுத்தும் வழக்கமும் இவ்வமைப்பைத் தாங்கிற்று.

3. கட்டுதெல்: சமயம் சட்ட உரிமையான இடம்

இந்த ஊர் அமைப்பு மீன்பிடி உரிமையாகச் சட்டத்தில் பதிவான இடம் நீர்கொழும்புக் களப்பு. ஏறத்தாழ 3,160 எக்டேர் பரப்புள்ள இக்களப்பு கடலோடு கூடும் வாயருகே கம்புகளை ஊன்றி, அவற்றில் வலையைக் கட்டி, வற்று நீரோட்டத்தில் கடலுக்குத் திரும்பும் இறாலை இரவில் பிடிப்பர். சிங்களத்தில் இதற்குக் 'கட்டுதெல்' என்று பெயர். வாய்க்காலில் வலை கட்டத்தக்க இடங்கள் சிலவே. அவற்றிலும் பாடு ஒரே அளவானதன்று. எனவே யார், எந்த இரவில், எந்த இடத்தில் கட்டுவது என்பது சண்டைக்குரிய வினா.

அச்சண்டையைத் தவிர்த்தது முறைவைப்பு. துவ, பிட்டிபன, கடற்கரைத் தெரு, பெரிய தெரு ஆகிய மீனவக் குடியிருப்புகளைச் சார்ந்த நான்கு சங்கங்கள் இரவுகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. சங்கத்துக்குள் இடங்கள் சீட்டுக் குலுக்கி ஒதுக்கப்பட்டன. உறுப்பினர் ஆவதற்குக் கட்டுதெல் மீனவர் வழியில் பிறந்திருக்க வேண்டும். கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் நீர்கொழும்புக் கட்டுதெல் மீன்பிடி ஒழுங்குவிதிகள் இம்மரபு முறைக்கு அரசின் ஏற்பை அளித்தன.

மீன்வள மேலாண்மை ஆய்வாளர்கள் இதனைச் சமூகவழி மேலாண்மைக்கு நல்ல எடுத்துக்காட்டாகப் பாராட்டுவர். அப்பாராட்டு பாதி உண்மையே. பிறப்பாலும் சமயத்தாலும் பெண்பாலரை விலக்கியதாலும் வரையறுக்கப்பட்ட உரிமை, களப்பில் வேறு வலை வீசிப் பிழைத்தோரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. அவ்விலக்கலை மறைத்துவிட்டு இம்முறையைப் போற்றுவது சரியன்று. எனினும் நமது வினாவுக்கு முதன்மையானது பின்வருவது: நீரின் மீது ஒரு சமயச் சமூகம் கொண்ட உரிமையை அரசு ஏற்ற முன்னுதாரணம் 2021க்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இக்கரையில் இருந்தது. நீர் கெட்டால் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்னும் எண்ணத்தை இம்மீனவர் வெளியிலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை.

4. எண்ணெய் வந்த வழிகள்

நீர்கொழும்புக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கரையின் பின்புறம் முத்துராஜவெல சதுப்பு நிலம். அங்கு எண்ணெய்க் கிடங்கு அமைந்தபின், கடலில் நிற்கும் கப்பலிலிருந்து எண்ணெய் கடலடிக் குழாய் வழியே கரைக்கு வரலாயிற்று. 2018 செப்டம்பரில் அக்குழாயில் ஏற்பட்ட கசிவால் உஸ்வெட்டகெய்யாவ சார்ந்த கரையில் எண்ணெய் படிந்தது. கரையோரக் காவல் படையினர் அள்ளி அகற்றினர். சில நாட்களில் செய்தி அடங்கிற்று. கரைவலை இழுப்போருக்கு அது அடங்கும் செய்தி அன்று. எண்ணெய் ஏறிய வலை கனக்கும். கழுவினாலும் நாற்றம் போகாது. அதில் அகப்பட்ட மீனை வாங்க ஆளிராது.

2020 செப்டம்பர் 3 அன்று 'நியூ டயமண்ட்' என்னும் எண்ணெய்த் தாங்கிக் கப்பல் கிழக்குக் கரையில் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. குவைத்திலிருந்து பாரதீப் சென்றுகொண்டிருந்த அதில் ஏறத்தாழ 2,70,000 தொன் கச்சா எண்ணெய் இருந்தது. கப்பற்பணியாளர் ஒருவர் இறந்தார். சரக்கு எண்ணெய் கடலில் கலக்கவில்லை. கப்பலின் சொந்த எரியெண்ணெய் மட்டும் நீரில் படலமாய்ப் பரவிற்று. அம்பாறைக் கரையின் தமிழ், முஸ்லிம் மீனவர் தப்பினர் என்றே கூற வேண்டும்.

இவற்றுக்கு இடையில் மற்றொரு போராட்டத்தையும் குறிக்க வேண்டும். கொழும்புத் துறைமுக நகரத்துக்காக 269 எக்டேர் நிலம் கடலில் உருவாக்கப்பட்டபோது, அதற்குரிய மணல் நீர்கொழும்புக்கு எதிரேயுள்ள கடலடியிலிருந்து அள்ளப்பட்டது. மீனினம் முட்டையிடும் திட்டுகள் அழியும் என்று மீனவர் எதிர்த்தனர். 2016இல் நீர்கொழும்பில் நடந்த உண்ணாநோன்பில் அவர்களோடு குருக்களும் இருந்தனர். அப்போராட்டம் மணலை நிறுத்தவில்லை. ஆனால் படகுத்துறைச் சங்கம், பங்கு, கொழும்பின் சட்டத்தரணிகள், சூழலியலாளர் ஆகியோர் ஒரே மேசையில் அமரும் பழக்கத்தை அது உண்டாக்கியது. 2021இல் இவர்கள் புதியவர்களாகச் சந்திக்கவில்லை.

5. 2021: எண்ணெயை எதிர்நோக்கிய கரை

சிங்கப்பூரில் பதிவான 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' 2021 தொடக்கத்தில் சேவைக்கு வந்த புதிய கப்பல். 1,486 கொள்கலன்கள் ஏற்றியிருந்தது. அவற்றுள் 25 தொன் நைட்ரிக் அமிலமும் அடக்கம். அமிலம் கசிவது பயணத்திலேயே அறியப்பட்டது. கத்தாரின் ஹமத் துறைமுகமும் குஜராத்தின் ஹசிராவும் அக்கொள்கலனை இறக்க முன்வரவில்லை. மே 19 இரவு கொழும்புக்கு அப்பால் வந்து நின்றது. மறுநாள் தீ வெளிப்பட்டது. 25ஆம் நாள் வெடிப்பு நிகழ்ந்தது. ஜூன் 2 அன்று இழுத்துச் செல்ல முயல்கையில் அதன் பின்புறம் கடலடியில் தட்டியது.

கப்பலின் தொட்டிகளில் ஏறத்தாழ 350 தொன் எரியெண்ணெய் இருந்ததால் அனைவரும் எண்ணெயை எதிர்நோக்கினர். களப்பு வாயில் எண்ணெய் நுழையாதிருக்கத் தடுப்பு மிதவைகளும் ஆயத்தமாயின. கரைக்கு வந்ததோ வேறு. பமுனுகம, சரக்குவ முதலிய கரைகளில் வெண்ணிற நெகிழிக் குருணைகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன. கப்பலில் இருந்தவை ஏறத்தாழ 1,680 தொன்; நெகிழிக் குருணை கடலில் சிந்திய நிகழ்ச்சிகளில் பதிவானவற்றுள் இதுவே மிகப் பெரியது என ஐ.நா. சூழல் திட்டம் மதிப்பிட்டது. அவையும் எண்ணெயிலிருந்து பிறந்த பொருளே என்பது வேதியியல் உண்மை. ஆனால் சட்டம் அவ்வாறு காணவில்லை.

ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. கோவிட் கட்டுப்பாடுகளால் ஏற்கெனவே சந்தை சுருங்கியிருந்த காலம் அது. தடை எல்லைக்கு வெளியே பிடித்த மீனையும் மக்கள் வாங்க அஞ்சினர். தீர்ப்பில் இடம்பெற்ற கணக்கின்படி 417 ஆமைகளும் 48 டால்பின்களும் 8 திமிங்கிலங்களும் மாண்டன.

6. சட்டத்தின் இடைவெளியும் மனு என்னும் வழியும்

ஏன் அடிப்படை உரிமை மனு? இதற்கான விடை கடல்சார் இழப்பீட்டுச் சட்டத்தின் கட்டமைப்பில் உள்ளது. எண்ணெய்த் தாங்கிக் கப்பலின் சரக்கு எண்ணெய் சிந்தினால், 1992ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கையும் பன்னாட்டு இழப்பீட்டு நிதியமும் உள்ளன. இலங்கை இரண்டிலும் உறுப்பு நாடு. ஏனைய கப்பல்களின் எரியெண்ணெய்க்கு 2001ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கை உண்டு. இடர்மிகு பொருள்களுக்காக 1996இல் இயற்றப்பட்டு 2010இல் திருத்தப்பட்ட உடன்படிக்கையோ அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் நெகிழிக் குருணை அன்றைய கப்பற்போக்குவரத்து விதிகளில் இடர்மிகு சரக்காகவே வகைப்படுத்தப்படவில்லை. எண்ணெய்க்குக் கிடைக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு கூட இக்கரைக்கு இல்லை.

கப்பல் நிறுவனங்கள் தம் பொறுப்புக்கு உச்சவரம்பு கோர வழி உண்டு. 2023 ஜூலையில் இலண்டன் கடல்சார் நீதிமன்றம் அவ்வரம்பை ஏறத்தாழ 1.9 கோடி பவுண்டாக வகுத்தது. இலங்கை அரசு சிங்கப்பூரில் வழக்குத் தொடுத்தது. இவ்விரண்டிலும் மீனவர் நேரடித் தரப்பினர் அல்லர். தம் இழப்பை அரசு எடுத்துச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டியவர்கள்.

இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை மட்டுமே அவர்களைத் தரப்பினராக்கியது. உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகலாம். இந்த ஒரு மாதம் என்னும் கெடு வரலாற்று நோக்கில் தீர்க்கமானது. கடலுக்குப் போக முடியாமலும், ஊரடங்கில் வெளியேற முடியாமலும் இருந்த மீனவர் முப்பது நாளில் சட்டத்தரணியைக் கண்டு, சத்தியக் கடதாசி முடித்து, மனுச் செய்வதற்கு முன்பே கட்டமைந்த நிறுவனம் தேவை. சூழல் நீதி மையமும் மறைமாவட்டமும் இருந்ததால்தான் அது இயன்றது.

இவ்வழியில் முன்னடிச் சுவடுகளும் இருந்தன. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்னிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணற்று நீரில் கலந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் செலுத்த ஆணையிட்டது. தமிழ்ப் பகுதியொன்றின் எண்ணெய் மாசு வழக்கு, சிங்களக் கத்தோலிக்கக் கரையின் வழக்குக்கு முன்னோடியாய் அமைந்தது என்பது இலங்கை வரலாற்றில் அடிக்கடி நிகழாத ஒன்று.

மற்றைய சுவடு துயரமானது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எச்சரிக்கை கிடைத்தும் அரசு காக்கத் தவறியது என்று தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை மனுக்களில் கத்தோலிக்கக் குருக்களும் மனுதாரர். 2023 ஜனவரியில் அவ்வழக்கில் முன்னாள் குடியரசுத் தலைவர் 10 கோடி ரூபாய் செலுத்த ஆணையிடப்பட்டது. 2021இல் கப்பல் எரிந்தபோது அவ்வழக்கு நிலுவையில் இருந்தது. அரசுக்கு முன்னறிவிப்பு இருந்ததா, அறிந்தும் செயலற்று இருந்ததா என்னும் வினாவே இரு வழக்குகளிலும் நடுநாயகம். இம்மறைமாவட்டம் 'அரசின் புறக்கணிப்பு' என்பதைச் சட்டமொழியில் கூறக் கற்றது கடலிலிருந்து அன்று, கல்லறையிலிருந்து என்பது என் கருத்து. பேராயர் மனுதாரர் ஆனதற்கு 'லவுதாத்தோ சி'யைவிட இது அணுக்கமான காரணம்.

7. ஒரு ஒப்பீடு: எண்ணூர்

பங்கு இல்லாத கரையில் என்ன நிகழும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, படகுகளும் வலைகளும் அலையாத்தி மரங்களும் கருமையேறின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கு மீனவரைத் திரட்டியது ஊர்ப் பஞ்சாயத்து. ஊர்ப் பஞ்சாயத்தும் கோயிலைச் சார்ந்ததே, சமயமற்றது அன்று. ஆனால் அது ஊரோடு முடியும். ஊர்களைக் கோத்து உயர்நிலையில் பேசும் அமைப்பு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்பட வேண்டும். நீர்கொழும்பில் பங்கு மறைமாவட்டத்தோடும், மறைமாவட்டம் தலைநகரோடும் ஏற்கெனவே இணைந்திருந்தன. இவ்விணைப்புக்கு விலையும் உண்டு: மீனவரின் குரல் பேராயரின் குரலாகவே வெளியே கேட்கும்.

8. யார் கணக்கில் வருவர்

தீர்ப்புக்குப் பின் நிகழ்ந்தவை இன்னும் வரலாறாகவில்லை. 2025 செப்டம்பரில் கப்பல் நிறுவனத்தின் தலைமை அதிகாரி, இத்தொகையைச் செலுத்தப்போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்; உச்சவரம்பற்ற பொறுப்பு உலகக் கப்பற்போக்குவரத்துக்கே தீய முன்னுதாரணம் ஆகும் என்பது அவர் வாதம்; சிதைவகற்றல், துப்புரவு, மீனவர் இழப்பீடு ஆகியவற்றுக்கு முன்பே பெருந்தொகை செலவிட்டதையும் சுட்டினார்.

பணம் வருமா என்பதற்கு அடுத்த வினா, வந்தால் யாருக்கு என்பது. நீதிமன்றம் இழப்பீட்டைக் கணிக்கவும் பகிரவும் ஆணைக்குழுவொன்றை அமைத்தது. தொடக்க கால இழப்பீடுகள் பெரும்பாலும் படகுப் பதிவை ஆதாரமாகக் கொண்டன. பதிவுப் படகு உடையவர் கணக்கில் வருவது எளிது. ஆர். எல். ஸ்டிராட் மேற்குக் கரைக் கத்தோலிக்க மீனவரிடையே நடத்திய மானிடவியல் ஆய்வுகள் காட்டுவது போல, இக்கரையின் பொருளியலில் மீன் விற்கும் பெண்களின் இடம் பெரிது. கரையில் மீனைப் பிளந்து உப்பிட்டுக் காயவைப்பவர், கூடையில் விற்பவர், வலை பொத்துபவர், நாட்கூலிக்குக் கரைவலை இழுப்பவர் ஆகியோருக்குப் படகும் இல்லை, பதிவும் இல்லை. களப்பில் மட்டும் தொழில் செய்வோருக்குத் தடை எல்லையே வேறு.

இங்குத்தான் பங்கின் பழைய ஆவணங்கள் பயன்படக்கூடும். ஞானஸ்நானப் பதிவேடு ஒருவரின் தொழிலை எப்போதும் கூறாது. ஆனால் பங்கின் குடும்ப அட்டைகளும், மரண உதவிச் சங்கங்களின் கணக்கேடுகளும், திருவிழா வரிப் பட்டியல்களும் எந்த வீடு எதனால் பிழைத்தது என்பதை அரசுப் பதிவேட்டைவிட நெருக்கமாக அறியும் இயல்பின. கட்டுதெல் சங்கங்களின் பட்டியல் ஒருகாலத்தில் பெண்களையும் பிற சமயத்தாரையும் வெளியே நிறுத்தியது. அதே பங்கின் ஏடுகள் இம்முறை அவர்களை உள்ளே கொண்டுவருமா என்பது, ஆணைக்குழு எதனைச் சான்றாக ஏற்கிறது என்பதையும், பங்குகள் தம் கணக்கேடுகளைக் கத்தோலிக்கர் அல்லாத அயலாருக்காகவும் திறக்கின்றனவா என்பதையும் பொறுத்தது.